78 வயது அப்பாவுக்குக் குடல் புற்றுநோய். இந்த வயதில் கீமோ கொடுக்கலாமா, விட்டுவிடலாமா?

அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது, மருத்துவர் கீமோ வேண்டும் என்கிறார், சொந்தக்காரர்கள் "இந்த வயசுல எதுக்கு அவரைப் படுத்துறீங்க" என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் மருத்துவர் இல்லை. கல்யாணமாகி மதுரையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து 16 வருடம் ஆகிறது, வீடு சாட்ஸ்வொர்த்தில். மூன்று வருடத்துக்கு முன் என் மாமியாருக்கு இதே நோய் வந்தது. நிணநீர்க் கணுக்கள் வரை பரவிய மூன்றாம் நிலை. அப்போது அவருக்கு 76 வயது. நாங்கள் தடுமாறிய இடங்களில் நீங்கள் தடுமாற வேண்டாம் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் பார்த்த மருத்துவர் கோப்பைப் புரட்டிவிட்டு கீமோவுக்குக் கேப்சிடபைன் மாத்திரையும் ஆக்சாலிப்ளாட்டின் ஊசி மருந்தும் எழுதினார். முழு அளவு. 45 வயதுக்காரருக்கு எழுதினாலும் அதேதான் எழுதியிருப்பார். அத்தையை எழுந்து நாலு அடி நடக்கச் சொல்லவில்லை. அந்த வருடம் ஏற்கெனவே இரண்டு முறை விழுந்திருந்தார், அதையும் யாரும் கேட்கவில்லை. அத்தைக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது, வலது காது அரைகுறை. முகக்கவசம் போட்டுக்கொண்டு பேசியவருக்கு எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வயிற்றுப்போக்கு அதிகமானால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே போன் செய்யுங்கள் என்று அவர் சொன்னதும் அந்தத் தலையாட்டலில் போய்விட்டது. நான் அன்று காரை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தேன்.

பத்தாம் நாள் வயிற்றுப்போக்கு. டாக்டர் கொடுத்த மருந்தை விடக்கூடாது என்று அத்தை அப்படியே விழுங்கிக்கொண்டிருந்தார். ராத்திரி பாத்ரூமில் விழுந்து புருவம் கிழிந்தது. உடம்பில் தண்ணீரே இல்லை. ஆறு நாள் வார்டில் இருந்தார். "நாங்கதான் அப்பவே சொன்னோமே" என்றார்கள் சொந்தக்காரர்கள். கீமோவையே விட்டுவிடலாம் என்று என் கணவரும் முடிவுக்கு வந்துவிட்டார்.

எங்கள் உறவில் மருந்தாளுநராக இருக்கும் ஒருவர் வற்புறுத்தி, இன்னொரு மருத்துவரிடம் அனுப்பினார். அந்த அம்மா முதலில் சொன்னது, "வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள்." கொட்டிப் பார்த்தால் ஒன்பது. சீரில்லாத இதயத் துடிப்புக்காக, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின். கேப்சிடபைனோடு சேர்ந்தால் வார்ஃபரினின் வேகம் கூடி ரத்தக்கசிவு வரலாம், கண்காணிப்பு இல்லாமல் இரண்டையும் கொடுக்கக் கூடாது. ரத்த அழுத்தத்துக்குச் சிறுநீர் மாத்திரை. வயிற்றுப்போக்கு நேரத்திலும் அதை விழுங்கினால் மயக்கம் வராமல் என்ன செய்யும்? அப்புறம் முழங்கால் வலிக்கு அத்தை தானே கடையில் வாங்கிய ஒரு மாத்திரை. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும் வகை.

சிறுநீரகம் பற்றி அன்று தெரிந்துகொண்டதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஒல்லியான வயதானவர் இருக்கும் எல்லா வீட்டுக்கும் இது தேவை. அத்தையின் கிரியேட்டினின் 80 மைக்ரோமோல். ஆய்வகத் தாளில் இது சாதாரணம் என்றே இருந்தது. ஆனால் கிரியேட்டினின் என்பது தசையிலிருந்து வரும் கழிவு, அதைச் சிறுநீரகம்தான் வெளியேற்றும். 46 கிலோ எடையுள்ள 76 வயதுப் பெண்ணின் உடம்பில் தசையே குறைவு, அதனால் சிறுநீரகம் மெதுவாக வேலை செய்தாலும் அந்த எண் ஏறாது. வயது, எடை, பெண் என்பதையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பார்த்தார் மருத்துவர். சிறுநீரகம் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் வேகம் நிமிடத்துக்கு 38 மில்லிலிட்டர்தான் வந்தது. கேப்சிடபைனுக்கு அது 30 முதல் 50க்குள் இருந்தால் அளவை முக்கால் பங்காகக் குறைக்க வேண்டும், 30க்குக் கீழே போனால் கொடுக்கவே கூடாது. அத்தைக்கு முழு அளவு போயிருக்கிறது. அவரைச் சாய்த்தது வயதோ கீமோவோ இல்லை, யாரும் போடாத ஒரு கணக்கு. எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் முழுசாகத் தணியவில்லை.

பிறகு நானே தேடிப் படித்தேன். குடல் அறுவைக்குப் பின் ஆக்சாலிப்ளாட்டினைச் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் மொசைக் என்ற பெரிய ஆய்விலிருந்து வந்தது. 2,246 பேர், முடிவு வெளியானது 2004இல். அதில் சேர வயது வரம்பு 75. அதாவது அந்த ஆய்வு என் மாமியாரைச் சேர்த்துக்கொண்டே இருக்காது, ஆனால் அதன் முடிவை வைத்து அவருக்கு மருந்து எழுதினார்கள். அந்த ஆய்வுக்குள்ளேயே 70 வயதைத் தாண்டியவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது, ஆக்சாலிப்ளாட்டின் சேர்த்ததால் ஆயுள் கூடியதாகத் தெரியவில்லை. இது ஏதோ ஒரு ஆய்வின் குறை இல்லை. அமெரிக்காவில் 1990களில் நடந்த ஒரு பெரிய குழுவின் ஆய்வுகளை எண்ணிப் பார்த்து 1999இல் எழுதினார்கள்: புற்றுநோயாளிகளில் 63 சதவீதம் பேர் 65 வயதோ அதற்கு மேலோ, ஆய்வுகளில் சேர்ந்தவர்களிலோ அந்த வயதினர் 25 சதவீதம்தான். நோய் அதிகம் வருவது யாருக்கோ அவர்களை விட்டுவிட்டுத்தான் மருந்தைச் சோதித்திருக்கிறார்கள்.

"சரி, அப்படியென்றால் சொந்தக்காரர்கள் சொன்னதுதானே சரி?" என்று நினைத்துவிடாதீர்கள். வயதைக் காரணம் காட்டிக் குறைத்துக் கொடுப்பதும் ஆளைக் கொல்லும். 65 வயதைத் தாண்டிய 633 பெண்களுக்கு, ஆரம்ப நிலை மார்பகப் புற்றுநோய்க்கு வழக்கமான கீமோவையும் கேப்சிடபைனை மட்டும் கொடுப்பதையும் ஒப்பிட்டு 2009இல் ஒரு ஆய்வு வந்தது. லேசான வழி என்று நினைத்த அந்த மாத்திரைக் குழுவில் நோய் திரும்பியதோ மரணமோ கிட்டத்தட்ட இருமடங்கு. எங்கள் தெருவிலேயே 81 வயது மாமா ஒருவர் இருந்தார். தன் கையால் சோளம் போட்டு அறுப்பவர், தினமும் மேட்டுத் தெருவை ஏறி இறங்குபவர். "வயசாயிடுச்சு" என்ற ஒரே வார்த்தையில் அவருக்கு எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். அவரை எதற்கும் சோதித்துப் பார்க்கவே இல்லை. அதே வருடம் போய்விட்டார். ஆளைச் சோதித்துப் பார்க்காமலே முடிவெடுத்ததால்தான் அத்தைக்கு அதிகமாகவும் மாமாவுக்கு ஒன்றுமே இல்லாமலும் போனது.

அப்படியானால் எதைப் பார்ப்பது? ஜி8 என்று ஒரு சிறு கேள்வித்தாள் இருக்கிறது, ஐந்து நிமிடம் போதும். சாப்பாடு குறைந்ததா, எடை குறைந்ததா, வெளியே நடமாடுகிறாரா, நினைவும் மனசும் எப்படி, உயரத்துக்கேற்ற எடையா, மூன்றுக்கு மேல் மருந்தா, தன் வயதுக்காரர்களோடு ஒப்பிட்டால் தன் உடம்பு எப்படி என்று அவரே நினைக்கிறார். மொத்தம் 17 மதிப்பெண். அதில் வயதுக்கு 2 மட்டும்தான்! 14 அல்லது அதற்குக் கீழே வந்தால், நடை, நினைவு, சாப்பாடு, மருந்துகள் எல்லாவற்றையும் விரிவாகப் பார்க்கும் முழுமையான முதியோர் மதிப்பீடு செய்ய வேண்டும். இதோடு, ஆர்த்தி ஹுரியா என்ற மருத்துவர் 2011இல் கொண்டுவந்த, கீமோ யாரை எவ்வளவு பாதிக்கும் என்று முன்கூட்டியே கணிக்கும் ஒரு முறையும் உண்டு. 11 அம்சங்கள். காது கேட்பது, ஆறு மாதத்தில் விழுந்தது, ஒரு தெருவின் நீளம் நடக்க முடிவது, மாத்திரை எடுக்கத் துணை தேவைப்படுவது எல்லாம் அதில் வருகிறது. 2018இல் அவர் ஒரு சாலை விபத்தில் இறந்துவிட்டார். அந்தப் பட்டியலைப் படித்தபோது என் அத்தையைப் பார்த்துவிட்டு எழுதியது போலவே இருந்தது.

இந்த மதிப்பீட்டால் பலன் உண்டா என்றால், உண்டு. 2021இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு, 70 வயதைத் தாண்டிய 718 பேர். ஒரு பாதியினரின் மருத்துவர்களுக்கு மதிப்பீட்டின் சுருக்கமும் பரிந்துரையும் கொடுத்தார்கள், மறு பாதிக்குக் கொடுக்கவில்லை. கடுமையான பக்கவிளைவு 71 சதவீதத்திலிருந்து 51ஆகக் குறைந்தது. கீழே விழுந்தவர்கள் 21 சதவீதத்திலிருந்து 12. ஆயுள் குறையவில்லை. புது மருந்து எதுவும் இல்லை, ஒரு தாள்தான். இந்த நாட்டில் முதியோர் மருத்துவ நிபுணர்கள் மிகக் குறைவு. எங்கள் குவாசுலு நடால் மாகாணத்தில் புற்றுநோய் மருத்துவர்களுக்கே தட்டுப்பாடு என்று 2017இல் மனித உரிமை ஆணையம் அறிக்கை கொடுக்கும் நிலைமை இருந்தது. அதனால் நிபுணருக்காகக் காத்திருக்காமல் அந்த ஜி8 கேள்வித்தாளை நாமே நிரப்பிக் கொண்டுபோனால் என்ன?

இரண்டாவது மருத்துவர் செய்த இன்னொரு காரியத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். எங்களிடம் பேசிக்கொண்டிருந்தவர் நாற்காலியை இழுத்து அத்தையின் வலது பக்கம் போட்டுக்கொண்டு, "உங்களுக்கு எது முக்கியம்?" என்று கேட்டார். அதுவரை "புற்றுநோய்" என்ற சொல்லையே நாங்கள் அத்தையிடம் சொன்னதில்லை, கட்டி என்றே மழுப்பியிருந்தோம். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. "ஈஸ்டருக்கு மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலுக்குப் போவணும். யாரும் என்னைப் புடிக்கக் கூடாது, நானே நடக்கணும்" என்றார். ஆக்சாலிப்ளாட்டின் பாதத்தை மரத்துப்போக வைக்கும், சிலருக்கு அது திரும்புவதே இல்லை. தரை தெரியாத பாதத்தோடு எப்படி நடப்பது? அதனால் அதை விட்டோம். கேப்சிடபைன் மட்டும், குறைந்த அளவில். வார்ஃபரினுக்குப் பதில் ஊசி. முழங்கால் மாத்திரை குப்பைக்குப் போனது. ஆறு மாதத்தையும் முடித்தார்.

நடுவில் புரட்டாசி வந்தது. இங்கே தமிழ் வீடுகளில் புரட்டாசி என்றால் மாதம் முழுக்கக் கவிச்சி கிடையாது, அத்தை முட்டையும் தொட மாட்டார், சனிக்கிழமை ஒருவேளைச் சாப்பாடு. ஏற்கெனவே 46 கிலோ. விரதத்தை விடச் சொல்லி நான் சண்டை போட்டிருந்தால் தோற்றிருப்பேன். பருப்பு, சோயா, பீன்ஸ் கறி, இந்த ஊர்ப் புளித்த பாலான அமாசி என்று தட்டை நிரப்பினேன், சனிக்கிழமை மட்டும் மோரும் பாலும் விரதத்தில் சேர்த்தி என்று பூசாரி ஐயாவையே சொல்ல வைத்தோம். எடை இறங்கவில்லை. இப்போது அத்தைக்கு 79. இந்த வருடம் கோயிலில் என் பிள்ளைகள் "ஆயா, கையைக் குடுங்க" என்றதற்கு முறைத்துவிட்டு நடந்தார்.

நீங்களும் தென்னாப்பிரிக்காவில்தான் இருக்கிறீர்கள் என்றால் ஒன்று: முதியோர் உதவித்தொகை வாங்குபவருக்கு முழுநேரத் துணை தேவைப்பட்டால் அதற்கென்று, உதவித்தொகை வழங்கும் அரசு நிறுவனமான சாசாவில் தனித் தொகை உண்டு, பலர் கேட்பதே இல்லை.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது மாத்திரைப் பையைக் கொண்டுபோங்கள், அப்பா கடையில் வாங்கியதையும் சேர்த்து. இந்த வருடம் எத்தனை முறை விழுந்தார் என்று எழுதிக்கொள்ளுங்கள். வீட்டில் யாராவது ஒருவர் அப்பாவின் நல்ல காதுப் பக்கம் உட்காருங்கள், காரை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். கிளம்பும் முன் அவருடைய எடையைப் பார்த்துக்கொண்டு போங்கள். ஆறு மாதத்துக்கு முந்தைய எடை வேண்டாம், அன்றைய எடை. அது இல்லாமல் அந்தச் சிறுநீரகக் கணக்கைப் போட முடியாது.