புதுப் பாலம், பக்கத்து வீடுகள்: கேள்வி பதில்

கேள்வி: பாலம் திறந்ததிலிருந்து ராத்திரியில் 'டடக் டடக்' என்று ஒரு சத்தம். வண்டி ஓடும் இரைச்சல் மாதிரி இல்லை. எங்கிருந்து சார் வருகிறது?

பதில்: எக்ஸ்பான்ஷன் ஜாயின்டிலிருந்து, அதாவது பாலத்தின் துண்டுகளுக்கு நடுவே விடும் இடைவெளியிலிருந்து. 30 மீட்டர் நீளக் கான்கிரீட், வெப்பம் 30 டிகிரி கூடினால் ஏறத்தாழ 9 மி.மீ. நீளும். அதற்காக விட்ட இடைவெளியைச் சக்கரம் தாண்டும் சத்தம்தான் அது. ரப்பர் பட்டை கிழிந்தாலோ, ஓர இரும்பு தாரைவிட எழும்பி நின்றாலோ இன்னும் கூடும். மனுவில் "சத்தம் தாங்கவில்லை" என்று மட்டும் எழுதினால் யாரும் அசைய மாட்டார்கள். எத்தனையாவது தூணுக்கு மேலே, எந்தத் தடத்தில், எந்த நேரத்தில் என்று எழுதுங்கள்.

கேள்வி: பாலத்தில் ஏறும் இடத்தில் சாலை உள்வாங்கி வண்டி தூக்கிப் போடுகிறது. இரண்டு முறை தார் போட்டும் நிற்கவில்லை.

பதில்: பாலம் அஸ்திவாரத்தில் நிற்கிறது, அணுகுசாலை கொட்டிய மண்ணில் நிற்கிறது. அந்த மண்ணைச் சுமார் 20 செ.மீ. அடுக்குகளாக, அளவாகத் தண்ணீர் விட்டு ரோலரால் இறுக்கியிருக்க வேண்டும். பெரிய ரோலர் பாலத்தின் முனைச் சுவரை ஒட்டி வராது. அந்த மூலையில்தான் வேலை கோட்டை விடப்படும். பக்கச் சுவரின் நீர்த்துளைகளைப் பாருங்கள். மழைக்குப் பிறகு கலங்கலாக மண் வந்தால், பின்னால் ஜல்லி வடிகட்டி சரியில்லை, உள்ளே பொந்து விழுகிறது. அப்போது மேலே எத்தனை முறை தார் போட்டாலும் வீண்.

கேள்வி: வீட்டுச் சுவரில் விரிசல். லாரி அதிர்வுதானே காரணம்?

பதில்: பெரும்பாலும் இல்லை. நொடிக்கு 0.3 மி.மீ. அதிர்வையே உடம்பு உணர்ந்துவிடும். குடியிருப்புக் கட்டிடம் சேதப்படாமல் இருக்க, ஜெர்மனியின் டிஐஎன் 4150 என்ற கட்டிட அதிர்வுத் தரம் குறைந்த அதிர்வெண்ணில் வைத்திருக்கும் எல்லையோ நொடிக்கு 5 மி.மீ. நான் முதலில் கட்டுமானக் காலத்தைத்தான் சந்தேகிப்பேன்: பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் அஸ்திவாரத் தூண்) அடித்தது, அதிர்வு ரோலர் ஓட்டியது, குழி தோண்டும்போது நிலத்தடி நீரை இறைத்தது. நீர் வற்றினால் களிமண் சுருங்கி அஸ்திவாரம் ஒரு பக்கமாக இறங்கும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல் பல சமயம் அப்படி வந்ததுதான். மண்மேட்டின் பாரமும் பக்கத்து நிலத்தை அமுக்கலாம்.

அவசரப்பட்டுப் பூசி மறைத்துவிடாதீர்கள். விரிசலின் இரு முனையிலும் பென்சில் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை எபாக்சிப் பசையால் ஒட்டுங்கள். அது உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது. அளவுகோலை ஒட்டி வைத்து மாதம் ஒரு போட்டோ எடுங்கள். ஒரு வருடமாவது வேண்டும், ஏனென்றால் வெயிலுக்கும் மழைக்கும் விரிசல் தானாகவே விரிந்து சுருங்கும்.

கேள்வி: முன்பு தேங்காத மழைநீர் இப்போது வாசலில் நிற்கிறதே?

பதில்: அணுகுசாலை மேடு ஓர் அணை போலக் குறுக்கே படுத்துவிட்டது. மேட்டுக்கு அடியில் குறுக்குக் குழாய் இருக்கிறதா, அதன் வாய் கட்டுமானக் குப்பையால் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பாலத்தின் மேல்தள நீர் நேராக உங்கள் மனையில் கொட்டினால், தூணோடு இறங்கும் குழாய் போட்டு வடிகாலில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். சின்ன வேலைதான்.

கேள்வி: வரிசையாக மரம் நட்டால் இரைச்சல் குறையுமா?

பதில்: நிழல் கிடைக்கும்; இரைச்சல் குறையாது. வண்டிகளைப் பார்வையிலிருந்து மறைக்கும், இடைவெளியில்லாத தடுப்பு இருந்தால் சுமார் 5 டெசிபல் குறையும். அதற்கு முன் ஜன்னல் சட்டத்தின் சந்துகளை ரப்பர் பட்டையால் அடையுங்கள்.