குரூப் போட்டோவில் ஆயாவின் முகம்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஆயாவுக்கென்று தனிப்படம் கிடையாது. 1960களில் அத்தையின் கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோவில் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். சென்ற மாதம் என் தம்பி அதைக் கைப்பேசியில் படமெடுத்து, ஒரு ஸ்டூடியோவுக்கு வாட்ஸப்பில் அனுப்பி, ஆயாவை மட்டும் பிரித்துப் பெரிதாக்கி, கலர் போட்டு, பிரேம் செய்து வாங்கிவந்தான். படம் பளிச்சென்றுதான் இருக்கிறது. ஆனால் நெற்றியில் பச்சை குத்தியிருந்த புள்ளியைக் காணோம். அத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "யார்டா இந்தம்மா?" என்று கேட்டார். "அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரன் மட்டும் டச்சிங் பண்ணலையா?" என்பது தம்பியின் வாதம். அடுத்து, இறந்துபோன அப்பாவை எங்கள் கிரகப்பிரவேசப் படத்தில் சேர்க்கப்போகிறானாம். இதெல்லாம் சரிதானா?

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் தம்பியின் கேள்வி நியாயமானது. வேலூரில் என் தாய்மாமன் ஸ்டூடியோ வைத்திருந்தார். பள்ளி விடுமுறையில் அங்கே எனக்கு இருந்த ஒரே வேலை, பிலிமில் படத்தை வரவழைக்கும் டெவலப்பர் கரைசலைக் குளிர்விக்க ஐஸ் வாங்கி வருவது. கரைசல் 20 டிகிரியில் இருக்க வேண்டும். எங்கள் ஊரில் மே மாதம் குழாய்த் தண்ணீரே சுடும். சூடு மிஞ்சினால் பிலிமின் மேலுள்ள ஜெலட்டின் இளகிச் சுருக்கம் விழுந்துவிடும். மாமா ஜன்னலோரத்துச் சாய்வு மேசையில், அடியில் வைத்த கண்ணாடி வெளிச்சத்தை மேலே திருப்பித் தர, உப்புத்தாளில் ஊசிபோலத் தீட்டிய பென்சிலால் நெகட்டிவின்மீது புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டிருப்பார். நெகட்டிவில் இருளும் ஒளியும் இடம் மாறியிருக்கும் அல்லவா. கண்ணுக்குக் கீழுள்ள கருவளையமும் சுருக்கமும் அதில் தெளிந்த கோடுகளாகத் தெரியும், அவற்றைப் பென்சிலால் அடைத்தால் பிரிண்டில் வெளுத்துவிடும். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் படம் என்று சொல்லிவிட்டால் பென்சில் கூடுதலாகவே தேயும். கருப்பாக வந்த எவரையும் மாமா கருப்பாகவே திருப்பி அனுப்பியதாக எனக்கு நினைவில்லை.

ஆனால் அந்த டச்சிங்கெல்லாம் தனிப்படத்துக்குத்தான். முப்பது பேர் வரிசை கட்டிய குரூப் போட்டோவின் நெகட்டிவில் ஒவ்வொரு முகமும் மிளகளவு. அதில் மாமா பென்சில் வைத்ததில்லை, அதற்குக் கூலி கொடுக்கவும் யாரும் தயாராக இருந்ததில்லை. உங்கள் வீட்டிலுள்ள பழைய படங்களிலேயே எவர் கையும் படாத முகம் அநேகமாக உங்கள் ஆயாவுடையதுதான். இத்தனை ஆண்டுகள் தப்பித்திருந்த அந்த முகத்தில் இப்போது கை வைத்துவிட்டார்கள் என்பதே என் வருத்தம்.

அத்தைக்கு ஆள் தெரியாமல் போனதில் வியப்பில்லை. வாட்ஸப் படத்தைச் சுருக்கி அனுப்பியிருக்கும். அப்படிச் சுருங்கிய குரூப் போட்டோவில் ஒரு முகத்துக்கு மிஞ்சுவது மிகச் சில பிக்சல்களே. முகத்தைத் தெளிவாக்கும் மென்பொருள் அவற்றுக்குள் ஒளிந்திருக்கும் ஆயாவைத் தேடி எடுப்பதில்லை. தான் பயின்ற எத்தனையோ முகங்களைக் கொண்டு, இங்கே எது பொருந்தும் என்று ஊகித்துப் புதிதாக வரைகிறது. பச்சைப் புள்ளி அதற்குக் கறை. புடவையின் நிறமும் ஊகம்தான். அரக்கும் பச்சையும் கருப்பு வெள்ளையில் ஒரே சாம்பலாக விழக்கூடும். மாமாவும் ஏமாற்றினார்தான், ஆனால் எதிரே உட்கார்ந்திருந்தவரைப் பார்த்துவிட்டு ஏமாற்றினார்.

மூலப்படத்தோடு நேரில் போங்கள். அது பிரேமின் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிரிக்க முயல வேண்டாம், முகம் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடேயே ஸ்கேன் செய்யலாம். 600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி என்று ஸ்கேன் செய்தால் ஒரு சென்டிமீட்டர் முகத்துக்கு 236 பிக்சல் கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு தபால் அட்டை அளவுக்கு மேல் ஆசைப்படாதீர்கள். சற்று மங்கலாக இருக்கும், இருக்கட்டும். திருத்தத் தொடங்கும் முன்பே அந்த ஸ்கேனை, தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் (TIFF) கோப்பாகக் கேட்டு வாங்கிவிடுங்கள். மடிப்பும் பூஞ்சையும் மஞ்சளேறியதும் காகிதத்துக்கு வந்த நோய்கள், அவற்றை நீக்கலாம். 2002இல் வந்த போட்டோஷாப் 7இலேயே அதற்கு ஹீலிங் பிரஷ் வந்துவிட்டது. பக்கத்துப் பரப்பை எடுத்துக் கறையை மூடும். சுவரிலும் புடவையிலும் அது தாராளமாக ஓடட்டும். முகத்துக்கு வரும்போது, இந்தப் புள்ளி காகிதத்தினுடையதா ஆயாவினுடையதா என்று சொல்ல அத்தை பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அப்பாவைச் சேர்ப்பதில் எனக்கு மறுப்பில்லை. வைகாசி முதல் நாள் திருவிழாவில் கெங்கையம்மன் சிரசு உடலில் பொருத்தப்படுவதை ஆண்டுதோறும் பார்க்கும் குடியாத்தத்துக்காரரிடம், ஒரு தலையை வேறோர் உடலோடு சேர்க்கலாகாது என்று வாதிட எனக்குத் துணிவும் இல்லை. அடையாள அட்டைப் படத்தை மட்டும் கொடுக்காதீர்கள். நேரெதிர் பிளாஷில் எடுத்த முகம், பக்கவாட்டு வெளிச்சத்தில் நிற்பவர்கள் நடுவே ஒட்டவைத்ததாகவே நிற்கும். கிரகப்பிரவேசப் படத்தில் எந்தப் பக்கமிருந்து வெளிச்சம் விழுகிறதோ, அதே பக்கமிருந்து விழுந்த படமாகத் தேடுங்கள். வாழ்நாளில் அவர் போடாத கோட்டை மாட்டிவிடவும் வேண்டாம். பிரிண்டின் பின்புறத்தில், அப்பா பிறகு சேர்க்கப்பட்டவர் என்று ஆண்டோடு எழுதிவிடுங்கள். இல்லையெனில், தாத்தா இந்த வீட்டில் இருந்தார் என்றே உங்கள் பேரப்பிள்ளைகள் கணக்குப் போடுவார்கள்.

அத்தையும் வர வேண்டியிருப்பதால், மாடிப்படி ஏற வேண்டாத ஸ்டூடியோவாகப் பாருங்கள்.

அன்புடன்.