பெட்டியும் விளக்கும் பிறகு ஆகட்டும், முதலில் உப்பைக் கழுவுங்கள்

கேள்வி: குளச்சலில் வசிக்கிறேன். 2021ஆம் ஆண்டு மாடல் 411 சி.சி. ஹிமாலயன் பைக்கைப் பழையதாக வாங்கி ஓட்டிவருகிறேன். எட்டு மாதங்களுக்கு முன் மாற்றிய செயின் துருப்பிடித்து அங்கங்கே இறுகிவிட்டது. வரும் ஜனவரியில் மனைவியுடன் களியக்காவிளை வழியாகக் கேரளத்துக்குள் சென்று மூணாறு, வால்பாறை வரை போய்வர எண்ணியிருக்கிறேன். இரண்டு கூடுதல் விளக்குகள், கிராஷ் கார்டு, பின்பெட்டி, பக்கவாட்டுப் பெட்டிகள், சத்தமான சைலன்சர், அகலமான பின் டயர் எல்லாவற்றையும் 45,000 ரூபாய்க்குப் பொருத்தித் தருவதாக ஒரு கடையில் சொல்கிறார்கள். இன்னும் 6,000 ரூபாய் கொடுத்தால் அனைத்துக்கும் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்றித் தருவதாகக் கடைக்கு வேண்டிய புரோக்கர் ஒருவர் கூறுகிறார். முன்பணமாக 2,000 ரூபாய் கொடுத்துவிட்டேன். நம்பலாமா? எதை முதலில் செய்ய வேண்டும்?

பதில்: புரோக்கருக்கு மீதி 4,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். காரணத்தைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன். அதற்கு முன் செயினைப் பற்றிப் பேசியாக வேண்டும், ஏனென்றால் இறுகிய செயினுடன் மலைப்பாதையில் இருவர் ஏறுவது சைலன்சரையும் விளக்கையும் விடப் பெரிய விஷயம்.

முறையாகப் பராமரிக்கப்படும் ஓ-ரிங் செயின் (இணைப்புகளில் ரப்பர் வளையங்கள் உள்ள செயின்) எட்டு மாதங்களில் கெடாது. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் போன்ற கரையோர ஊர்களில் கெடுவதற்குக் காரணம் உண்டு. கடற்காற்றில் வரும் உப்புத்துகள் வண்டியின் மேல் படிந்து காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. மழை பெய்யாத நாளிலும் உலோகத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலம் ஒன்று இருந்துகொண்டே இருக்கும். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரண்டு பருவமழைகளும் பெய்யும் மாவட்டம் என்பதால் ஈரம் முழுமையாகக் காயும் மாதங்கள் இங்கே குறைவு. இவற்றோடு மணலும் சேர்கிறது. மணவாளக்குறிச்சியை ஒட்டிய கரையின் கருமணலில் இல்மனைட், சிர்கான் ஆகியவற்றுடன் கார்னெட்டும் கலந்திருக்கிறது. உப்புத்தாள் செய்யப் பயன்படும் அளவுக்குக் கடினமான கனிமம் அது. கடற்கரைச் சாலையில் ஓட்டும்போது அந்த மணல் ஆயில் பூசிய செயினில் ஒட்டிக்கொண்டு, ரோலரையும், ஸ்ப்ராக்கெட் எனப்படும் பல்சக்கரத்தின் பல்லையும் ஒவ்வொரு சுற்றிலும் தேய்க்கிறது.

எனவே வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் வண்டியைக் கழுவுங்கள். கடலோரச் சாலையில் மழையில் ஓடியிருந்தால் அன்றே கழுவிவிடுங்கள். குழாயிலிருந்து சாதாரணமாக விழும் தண்ணீர் போதும். வாட்டர் சர்வீஸ் நிலையங்களில் உள்ள உயர் அழுத்தப் பம்பைச் சக்கர பேரிங், ஸ்டீயரிங் பேரிங், செயின், ஒயர் இணைப்புகள் ஆகியவற்றின் மேல் நேராகப் பாய்ச்ச விடாதீர்கள். அந்த அழுத்தம் அழுக்கை வெளியேற்றுவதை விட, கிரீஸ் இருக்க வேண்டிய இடத்துக்குள் தண்ணீரைச் செலுத்துவதில்தான் கெட்டிக்காரத்தனம் காட்டும்.

செயினைச் சுத்தம் செய்ய மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷும் போதும். பெட்ரோலும் கம்பி பிரஷும் ஓ-ரிங் எனப்படும் ரப்பர் வளையங்களைக் கெடுத்துவிடும். அவை கெட்டால், தயாரிப்பின்போதே உள்ளே அடைக்கப்பட்ட கிரீஸ் வெளியேறி, வெளியில் எவ்வளவு ஆயில் விட்டாலும் செயின் உள்ளுக்குள் துருப்பிடிக்கும். துடைத்துக் காயவிட்டபின், செயினின் கீழ்ப்பகுதியில் உட்புறமாக, பின்சக்கரத்தைக் கையால் சுழற்றியபடி, செயினுக்கென விற்கும் லூப் எண்ணெயையோ 80டபிள்யூ-90 கியர் ஆயிலையோ மெல்லியதாகப் பூசுங்கள். 500 கிலோமீட்டருக்கு ஒருமுறையும், நனைந்து ஓடிய ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய வேண்டும். உங்களுடைய செயின் ஏற்கெனவே இறுகிவிட்டதால் இனி ஆயில் விட்டுப் பயனில்லை. இரண்டு ஸ்ப்ராக்கெட்டுகளையும் சேர்த்து முழு செட்டாக மாற்றுங்கள். தேய்ந்த பல்லின் மேல் புதுச் செயினை ஏற்றினால் அந்தச் செயினும் விரைவில் போய்விடும்.

இருவரும் பெட்டிகளும் ஏறும் பயணத்தில் செயினின் தளர்வு தனிக் கவனம் பெற வேண்டும். அட்வென்ச்சர் டூரிங் வண்டிகளில் பின் சஸ்பென்ஷன் நீண்ட தூரம் ஏறி இறங்கும். சுமை ஏறிப் பின்பக்கம் தாழும்போது செயின் இறுகுகிறது. நிறுத்தியிருக்கும் வண்டியில் “டைட்டாக இருக்கட்டும்” என்று சில ஒர்க்‌ஷாப்களில் இழுத்து வைத்து அனுப்பிவிடுவார்கள். முழுச் சுமையுடன் பள்ளத்தில் இறங்கும்போது அந்தச் செயினுக்கு இழுபட இடமில்லாமல் போய், கியர்பாக்ஸின் வெளித்தண்டிலுள்ள பேரிங்கைத் தின்றுவிடும். வண்டியோடு வந்த கையேட்டில் குறித்துள்ள தளர்வு அளவைப் பார்த்து, அதைவிடச் சிறிதும் இறுக்க வேண்டாம் என்று நின்று சொல்லிச் செய்யுங்கள். அதே நாளில் பிரேக் கேலிப்பரின் (டிஸ்க்கைப் பிடிக்கும் பகுதி) நகரும் பின்களுக்குச் சிலிக்கோன் கிரீஸ் இடுவது, இரண்டு ஆண்டுக்கு மேலான பிரேக் திரவத்தை மாற்றுவது, பின் சஸ்பென்ஷன் லிங்கேஜைப் பிரித்துக் கிரீஸ் அடைப்பது, ஸ்போக் கம்பிகளை ஸ்பானரால் தட்டிப் பார்த்துத் தொளதொளவென்று ஒலிப்பவற்றை முறுக்குவது ஆகியவற்றையும் முடித்துவிடுங்கள். நீங்கள் அனுப்பிய பட்டியலில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. கடையில் இவற்றைச் சொல்லமாட்டார்கள், ஏனென்றால் இவற்றில் அவர்களுக்குக் கிடைப்பது சிறிய லாபம்.

இனி புரோக்கர் விஷயம். ஆர்.சி.யை எடுத்து ஒருமுறை முழுமையாகப் படித்துப் பாருங்கள். தயாரிப்பாளர், மாடல், எஞ்சின் எண், சேசிஸ் எண், நிறம், எரிபொருள், சி.சி., இருக்கை எண்ணிக்கை, எடை போன்ற விவரங்கள் அதில் இருக்கும். விளக்குக்கோ கிராஷ் கார்டுக்கோ சைலன்சருக்கோ அதில் இடமே இல்லை. இல்லாத இடத்தில் எந்த அனுமதியை அவர் ஏற்றுவார்? நிறம் மாற்றுவதற்கும், பழுதான எஞ்சினை மாற்றுவதற்கும் முறையாக விண்ணப்பித்து ஆர்.சி.யில் திருத்தம் பெற வழி உண்டு. அந்த உண்மையைத் தூண்டிலாக வைத்துக்கொண்டுதான் “எல்லாமே ஏற்றலாம் சார்” என்று பேசுகிறார்கள். பணம் வாங்கியபின் முத்திரை குத்திய ஒரு தாளைக் கையில் கொடுப்பார்கள். அந்தத் தாள் போலி என்று சோதனையில் தெரிந்தால் பதில் சொல்ல வேண்டியவர் வண்டியின் உரிமையாளராகிய நீங்கள்தான். யார் எதை ஏற்றித் தந்ததாகச் சொன்னாலும் மத்திய அரசின் எம்-பரிவாகன் செயலியில் உங்கள் வண்டி எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். அங்கே இல்லாத திருத்தம் எங்கேயும் இல்லை.

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டின் சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் என்பதைக் கவனியுங்கள். களியக்காவிளைக்கு அப்பால் இந்த விஷயத்தில் கெடுபிடி அதிகம் என்பது குமரி மாவட்டத்து ஓட்டுநர்கள் அனைவருக்கும் தெரியும்.

ஆகவே சைலன்சரை மாற்றவே மாற்றாதீர்கள். 175 சி.சி.க்கு மேற்பட்ட இருசக்கர வாகனங்களுக்கு ஒலி வரம்பு 80 டெசிபெல். கடையில் காட்டும் சைலன்சர் அதைத் தாண்டும் என்பதால்தான் அது சத்தமாக இருக்கிறது. புகையைச் சுத்திகரிக்கும் பகுதியும் அதோடு போய்விடக்கூடும். அகலமான டயரும் வேண்டாம். உங்கள் வண்டிக்கு உரிய 120/90-17 அளவிலேயே நல்ல டயர்கள் கிடைக்கின்றன. குறுகிய ரிம்மில் அகல டயரை ஏற்றினால் அது மேலே குவிந்து, வளைவில் சாயும்போது பிடிமானம் மாறுகிறது.

ஒரே ஒரு பொருளுக்கு மட்டும் விதி தெளிவாக வழிவிடுகிறது. நீங்கள் மனைவியுடன் செல்வதால் அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். 2020இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்யப்பட்ட திருத்தம், இருசக்கர வாகனத்தில் எடை குறைந்த பெட்டி ஒன்றைப் பொருத்த அனுமதிக்கிறது. நீளம் 550 மில்லிமீட்டர், அகலம் 510 மில்லிமீட்டர், உயரம் 500 மில்லிமீட்டர் ஆகியவற்றுக்கு மேல் போகக் கூடாது. பின்னால் அமர்பவரின் இருக்கையின் மேல் பெட்டியை வைத்தால் ஓட்டுநர் மட்டுமே செல்லலாம். இருக்கைக்குப் பின்னால் தனித் தாங்கியில் வைத்தால் இரண்டாமவரும் அமரலாம். இருவர் எடையும் பெட்டியின் எடையும் சேர்ந்து தயாரிப்பாளர் குறித்த மொத்த எடையைத் தாண்டக் கூடாது. எனவே உங்களுக்கு வேண்டியது இருக்கைக்குப் பின்னால் நிற்கும் பெட்டி. வாங்கும்முன் டேப் எடுத்து மூன்று பக்கமும் அளந்து பாருங்கள், அளவைப் பில்லில் எழுதி வாங்குங்கள். “லிட்டர் கணக்கில்தான் விற்கிறோம்” என்று கடைக்காரர் சொன்னாலும் மில்லிமீட்டர்தான் கணக்கு. பின்பெட்டிக்கு மில்லிமீட்டர் வரை எழுதத் தெரிந்தவர்கள், பக்கவாட்டுப் பெட்டியும் கிராஷ் கார்டும் எந்த அளவு வரை ஆகும் என்று சாதாரண மனிதர் படித்துப் புரிந்துகொள்ளும்படி ஒரு பக்கத்தில் எழுதி வெளியிட்டிருந்தால், புரோக்கர்களுக்கு இந்த வியாபாரமே இருந்திருக்காது. ஆண்டுக்கணக்கில் கேட்டும் அந்தப் பட்டியல் வரவில்லை. ஒரு சோதனையில் விட்டது அடுத்த சோதனையில் குற்றமாகிறது, மக்கள் அலைகிறார்கள்.

பக்கவாட்டுப் பெட்டி வேண்டுமென்றால் கடினமான அலுமினியப் பெட்டியைத் தவிர்த்து, பயணம் முடிந்ததும் கழற்றிவிடக்கூடிய துணிப் பைகளை வாங்குங்கள். தாங்கியை பிரேமில் வெல்டிங் செய்ய ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். வெல்டிங் சூட்டில் குழாய் பலமிழந்து, குலுங்கிக் குலுங்கி அந்த இடத்திலேயே விரிசல் விடும். கிராஷ் கார்டும் பிரேமில் பல இடங்களில் போல்ட்டால் பிடிப்பதாக இருக்க வேண்டும். எஞ்சின் போல்ட்டை மட்டும் பிடித்து நிற்கும் மலிவுச் சரக்கு, வண்டி சாயும்போது அடியை நேராக எஞ்சின் உறைக்கே கொண்டுபோய்ச் சேர்க்கும்.

முன்புறத்தில் ஸ்பாட் லைட் பொருத்துவதை விதிகள் பொதுவாகத் தடைசெய்கின்றன. நாகர்கோவிலிலிருந்து வில்லுக்குறி, தக்கலை, மார்த்தாண்டம் வழியாகச் செல்லும் குறுகிய சாலையில் எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்கும் அந்த வெள்ளை வெளிச்சம் எத்தனை விபத்துக்குக் காரணமாகிறது என்பதை இரவில் அந்த வழியே போகிறவர்கள் அறிவார்கள். இருட்டும் முன் தங்குமிடம் சேரும்படி பயணத்தைத் திட்டமிட்டால் கூடுதல் விளக்கே தேவையில்லை. நீங்கள் வாங்கியது பழைய வண்டி என்பதால், முந்தைய உரிமையாளர் ஏதேனும் விளக்கோ ஹாரனோ பொருத்தி, பிறகு கழற்றி விற்றிருக்கிறாரா என்று பாருங்கள். சீட்டைத் தூக்கி, பேட்டரியிலிருந்து கம்பெனி உறையில்லாத தனி ஒயர் ஏதாவது போகிறதா என்று தேடுங்கள். தலா 60 வாட் கொண்ட இரண்டு விளக்குகள் 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் இழுக்கும். ஹெட்லைட் ஒயரைச் சீவி அதிலிருந்தே இணைப்புக் கொடுத்திருந்தால் அந்த மெல்லிய ஒயர் சூடேறி உருகும். சீவிய இடத்தில் கடற்காற்று பட்டால் செம்பு பச்சை பிடித்து, இணைப்பு விட்டுவிட்டு வேலை செய்யும். ஜி.பி.எஸ்., மொபைல் சார்ஜர் போன்ற எதைப் பொருத்தினாலும் பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு அருகிலேயே பியூஸ் இருக்க வேண்டும், சாவியை அணைத்தால் மின்சாரம் நிற்கும்படி ரிலே என்னும் மின்சுவிட்ச் வழியாகச் செல்ல வேண்டும், இணைப்பின் மேல் வெறும் கறுப்பு டேப்புக்குப் பதிலாகச் சூட்டில் சுருங்கும் குழாய் உறை இருக்க வேண்டும்.

பொருத்தியபின் பில்லுடன் இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்துமூலம் தெரிவித்து, கூடுதல் பிரீமியம் கட்டி, பாலிசியில் அந்தப் பொருள்களைச் சேர்த்து வாங்குங்கள். புரோக்கர் வழியாக அல்லாமல் நேராகச் செய்யுங்கள். சொல்லாமல் பொருத்தியவற்றுக்கு விபத்தின்போது பணம் கிடைக்காது, அதைக் காரணம் காட்டி முழுக் கோரிக்கையையும் இழுத்தடிக்க இடம் கிடைக்கும். புரோக்கரிடம் கொடுத்த 2,000 ரூபாயைக் குறுஞ்செய்தியில் எழுதித் திருப்பிக் கேளுங்கள். ஆர்.சி. அசலை அவரிடம் கொடுத்திருந்தால் பணத்தைவிட அதை முதலில் திரும்ப வாங்குங்கள்.

புதுச் செயினும் பெட்டியும் பொருத்தியபின் நேராக மூணாறுக்குக் கிளம்பிவிட வேண்டாம். இருவருமாக, முழுச் சுமையுடன், குலசேகரம் வழியாகப் பேச்சிப்பாறை வரை ஒருநாள் போய்வந்து, பின் சஸ்பென்ஷனின் ஸ்பிரிங் அழுத்தத்தைச் சுமைக்கேற்ப ஒன்றிரண்டு படி கூட்ட வேண்டுமா என்று பாருங்கள். திரும்பியதும் தாங்கியின் ஒவ்வொரு போல்ட்டையும் மறுபடி முறுக்கி, செயின் தளர்வை மறுபடி அளந்து, முன்சக்கரத்துக்கான 21 அங்குல டியூப் ஒன்றைப் பெட்டியில் எடுத்து வையுங்கள். மலைப்பாதையோரப் பஞ்சர் கடைகளில் அந்த அளவு எளிதில் கிடைக்காது.