மேக்ரோவுக்குள்ள பைப் வைக்கலாமா?

கேள்வி: சார், ஆபீஸ்ல ஸ்ப்ளங்க்ல (லாக் டேட்டாவ தேடற சாஃப்ட்வேர்) தினமும் ஒரே குவெரிய காப்பி பேஸ்ட் பண்ணி அலுத்துப்போய் அதை ஒரு மேக்ரோவா ஆக்கிட்டேன், அதாவது ஒரு பேர் வெச்சு சேவ் பண்ணிட்டேன். பைப் (ஒரு கமாண்டோட ரிசல்ட்ட அடுத்ததுக்கு தள்ளற | குறி) போட்டு டீஸ்டாட்ஸ்ங்கற கமாண்ட்ல ஆரம்பிக்கிற குவெரி. தனியா ஓட்டுனா சூப்பரா ஓடுது, மேக்ரோவா கூப்பிட்டா "இந்த கமாண்ட் முதல்லதான் வரணும்"னு எரர் வருது. முதல்லதானே சார் இருக்கு?

பதில்: உங்க கண்ணுக்கு முதல்ல இருக்கு, ஸ்ப்ளங்க் கண்ணுக்கு இல்ல. நீங்க பைப் போடாம எதை ஆரம்பிச்சாலும் அது சத்தமில்லாம முன்னாடி 'சர்ச்'னு ஒரு கமாண்ட சேர்த்துக்கும், நாம எரர்னு தேடுனா தேடிக் குடுக்கறதே அதனாலதான். உங்க குவெரி பேக்டிக்ல (மேக்ரோ பேர சுத்தி போடற ` குறி) ஆரம்பிக்குது, அங்க பைப்பே கண்ணுல படல, அதனால 'சர்ச்' ஒட்டிக்கிச்சு, மேக்ரோ விரிஞ்சு வந்தப்போ டீஸ்டாட்ஸ் ரெண்டாவது ஆளாயிடுச்சு. பைப்ப மேக்ரோவுக்குள்ளருந்து எடுத்துட்டு வெளிய, பேக்டிக்குக்கு முன்னாடி போடுங்க, ஓடும். இன்புட்லுக்கப், மெட்டாடேட்டா மாதிரி தானா டேட்டா கொண்டுவர்ற எல்லா கமாண்டுக்கும் இதே கதைதான்.

நடுவுல வர்ற மேக்ரோவுக்குள்ள பைப் இருந்தா தப்பில்ல, ஓடத்தான் செய்யும். ஆனா நான் அங்கயும் வெளியதான் வைப்பேன், எந்த இடத்துல டேட்டா கை மாறுதுன்னு படிக்கிறவங்களுக்கு பாத்ததும் தெரியணும்ல.

மேக்ரோன்னா ஏதோ ஃபங்ஷன்னு நெனைச்சுக்காதீங்க, அது வெறும் எழுத்த ஒட்டற வேலை. அதுல ஒரு பொல்லாத விஷயம் இருக்கு. ஸ்டேட்டஸ் 500 'ஆர்' ஸ்டேட்டஸ் 503ன்னு (ரெண்டும் சர்வர் எரர் நம்பர்) ஒரு மேக்ரோ, அடைப்புக்குறி போடலன்னு வைங்க. சர்ச் கமாண்ட் 'ஆர்'ஐ முதல்ல பாக்கும், அதனால கூட ஒரு ஹோஸ்ட் பேர், அதாவது மெஷின் பேர், சேர்த்தாலும் சரியா வரும். அதே மேக்ரோவ 'வேர்' கமாண்ட்ல, ஹோஸ்டுக்கு அப்புறம் ஒரு 'ஆண்ட்' போட்டு ஒட்டுங்க, அது 'ஆண்ட்'ஐ முதல்ல பாக்கும், உங்க ஹோஸ்டோட 500 மட்டும் வரும், கூடவே ஊர்ல இருக்கற எல்லா ஹோஸ்டோட 503யும் வந்து நிக்கும். எரரும் வராது. நான் ஒருதடவ அரைநாள் இப்படி இல்லாத பிரச்சினைய தேடிட்டு இருந்தேன். இந்த மாதிரி கண்டிஷன் இருக்கற மேக்ரோவ சுத்தி எப்பவும் ஒரு ஜோடி அடைப்புக்குறி போட்டு வைங்க. சந்தேகமா இருந்தா சர்ச் பாக்ஸ்ல கன்ட்ரோல், ஷிஃப்ட், ஈ மூணையும் சேர்த்து அமுக்குனா விரிச்சு காட்டும், மேக்னா கன்ட்ரோலுக்கு பதிலா கமாண்ட்.

கேள்வி: இந்த பைப் ஐடியா ஸ்ப்ளங்க் கண்டுபிடிச்சதா?

பதில்: ஐயோ இல்லங்க. பெல் லேப்ஸ்ல டக் மெக்கில்ராய் 1964லயே, தோட்டத்து ஹோஸ மாட்டற மாதிரி ப்ரோக்ராம்கள ஒண்ணோட ஒண்ணு மாட்ட வழி வேணும்னு எழுதி வெச்சிட்டாரு. கென் தாம்ப்சன் 1973ல யூனிக்ஸ்ல அதை செஞ்சு குடுத்தாரு. ஸ்ப்ளங்க் கம்பெனி ஆரம்பிச்சதே 2003லதான்.

கேள்வி: எனக்கு ஓடற மேக்ரோ என் டீம்மேட்டுக்கு "கண்டுபிடிக்க முடியல"ன்னு வருது, ஏன் சார்?

பதில்: பெரும்பாலும் பர்மிஷன். புதுசா செஞ்ச மேக்ரோ உங்களுக்கு மட்டும்தான் சொந்தம், செட்டிங்ஸ்ல அட்வான்ஸ்ட் சர்ச்சுக்குள்ள போய் ஆப்புக்கு ஷேர் பண்ணி ரீட் பர்மிஷன் குடுங்க. அதுக்கப்புறமும் வரலன்னா அவரு ரெண்டு ஆர்கியுமென்ட் (கூப்பிடறப்போ உள்ள குடுக்கற மதிப்பு) கேக்கற மேக்ரோவுக்கு ஒண்ணுதான் குடுக்கறாரான்னு பாருங்க, எத்தனை ஆர்கியுமென்ட்னு பேரோட ஒட்டியிருக்கற நம்பரும் சேர்ந்துதான் மேக்ரோவோட அடையாளம். இந்த எரர் இல்லாம வேற எரர் வந்தாலோ ரிசல்ட்டே வரலன்னாலோ, பேக்டிக்குக்கு பதிலா சிங்கிள் கோட் போட்டிருப்பாரு. டேப் கீக்கு மேல இருக்கற கீதான் பேக்டிக்னு காட்டி விடுங்க.