கணக்குப்பிள்ளைக் காட்டேரி: கேள்வி பதில்

(குழந்தைப் பாடல்களில் வரும் வேடிக்கையான ரத்தக்காட்டேரிகளைப் பற்றிக் காரைக்குடி வட்டார வாசகர்கள் கேட்டவை. பதில் சொல்பவர், தொடக்கப் பள்ளியில் பாட்டும் கணக்கும் கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியை.)

ரத்தம் குடிக்கும் பிசாசை வைத்தா எண் கற்றுத் தருகிறார்கள்? (தேவகோட்டை)

ஆமாம். அமெரிக்காவின் 'செசமி ஸ்ட்ரீட்' தொலைக்காட்சி நிகழ்ச்சியில் 1972-இல் 'கவுன்ட்' என்ற காட்டேரிப் பொம்மை வந்தது. அதற்கு ரத்தம் வேண்டாம். எதையாவது எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். எண்ணி முடித்ததும் இடி இடிக்கும், அது சிரிக்கும். இது வெறும் கற்பனை அல்ல. கல்லறையில் கசகசாவைத் தூவினால் காட்டேரி விடியும்வரை எண்ணிக்கொண்டு கிடக்கும் என்பது கிழக்கு ஐரோப்பாவின் பழைய நம்பிக்கை. நாம் கோழிக் குழம்புக்கு அரைக்கும் அதே கசகசாதான். முழுதாகத் தூவ வேண்டும், அரைத்துவிட்டால் பயனில்லை!

தமிழில் பாடினால் அந்தச் சிரிப்பு நிலைக்குமா? (புதுவயல்)

பொம்மையின் பெயரைப் 'பிரபு' என்று பெயர்த்தால் சிரிப்பு செத்துவிடும். ஆங்கிலத்தில் 'கவுன்ட்' என்றால் பிரபு, எண்ணு என்றும் பொருள்; வேடிக்கையே அதில்தான். நான் 'கணக்குப்பிள்ளை' என்று வைப்பேன். கொண்டுவிற்க, அதாவது வணிகம் செய்ய, போன ஊரெல்லாம் பேரேடு சுமந்தவர்கள் நாம். வட்டியும் ரத்தம் உறிஞ்சும் என்பதைப் பெரியவர்கள் தாமாகப் புரிந்துகொள்வார்கள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் பேய்ப் பாட்டு எதற்கு என்று எங்கள் ஆயா திட்டுகிறார்கள். (கண்டனூர்)

நேரத்தை வேண்டுமானால் மாற்றிக்கொள்ளுங்கள், பாட்டை விடாதீர்கள். பேயைக் கேலி செய்வது நமக்குப் புதிதல்ல. ஜெயங்கொண்டார் 12-ஆம் நூற்றாண்டிலேயே கலிங்கத்துப்பரணியில் பேய்களைக் கூழ் காய்ச்ச வைத்துவிட்டார். மாண்ட வீரர்களின் பல்தான் அரிசி. அதைக் குற்றும்போது வள்ளைப்பாட்டு வேறு! ஊமைப் பேய் ஒன்று கையால் சைகை காட்டிக் கூழ் கேட்கும். பசித்த பேயைப் பார்த்து யாருக்குப் பயம் வரும்?

பாட்டைக் கேட்டதிலிருந்து மகன் வீட்டின் இரண்டாம் கட்டுக்குப் போக மாட்டேன் என்கிறான். அங்கே வௌவால் இருக்கிறது. (பள்ளத்தூர்)

ரத்தம் குடிக்கும் வௌவால் உலகிலேயே மூன்று இனம்தான். மூன்றும் அமெரிக்கக் கண்டங்களில். அவையும் உறிஞ்சுவதில்லை, பூனை பால் குடிப்பதைப் போல நக்கும். உங்கள் உத்தரத்தில் தொங்குவது பூச்சியோ பழமோ தின்னும். பகலில் கூட்டிப்போய், எத்தனை தொங்குகின்றன என்று அவனையே எண்ணச் சொல்லுங்கள்.

கோரைப்பல்லைக் கண்டால் ஆறு வயதுப் பிள்ளைகள் ஏன் அப்படிச் சிரிக்கிறார்கள்? (கோட்டையூர்)

அவர்களுக்கே பால்பல் விழும் வயது அது. என் பேத்தி தேன்குழலை இரண்டாக ஒடித்து மேலுதட்டுக்குள் செருகிக்கொண்டு, "உன் ரத்தம் வேண்டும்" என்று என்னிடம் வந்தாள். சொல்லி முடிப்பதற்குள் ஒரு பல்லைத் தின்றுவிட்டாள்.

நீங்கள் எழுதிய பாட்டு ஒன்று தாருங்கள். (செட்டிநாடு)

அவளுக்காக எழுதியது:

ஒற்றைப் பல்லுக் காட்டேரி
உத்தரத்தில் தொங்குமாம்,
முகப்புத் தூணை எண்ணுமாம்,
மூன்று வந்தால் நிற்குமாம்,
நாலு எங்கே என்றுதான்
நாளை வரைக்கும் தேடுமாம்!

பாடும்போது நாலாவது தூணைப் பார்க்காதீர்கள். அதன் பின்னால் அவள் ஒளிந்திருப்பாள்.