சோலார் பெட்டிக்குள் சாதாரண எம்.சி.பி.: மாற்றியே ஆக வேண்டுமா?

கேள்வி: சமீபத்தில் மாடியில் 3 கிலோவாட் ஆன்கிரிட் (மின்வாரிய லைனோடு இணைந்த) சோலார் போட்டோம். 540 வாட் பேனல் ஆறு. பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன், பேனல் கம்பி வந்து சேரும் டி.சி. பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "வீட்டுக்குப் போடும் எம்.சி.பி.யை மாட்டியிருக்கிறார்கள், தீப்பிடிக்கும்" என்கிறார். போட்டவரைக் கேட்டால், "எம்.சி.பி. எல்லாம் ஒன்றுதான். உங்களுக்கு 32 ஆம்பியரே போட்டிருக்கிறேன், கூடுதல் பாதுகாப்பு" என்கிறார். யார் சொல்வது சரி? தவிர, இன்வெர்ட்டரில் இருந்து வீட்டு லைனுக்குப் போகும் வழியில் கீழே உள்ள ஏ.சி. பெட்டியின் எம்.சி.பி. மத்தியானத்தில் அடிக்கடி விழுந்துவிடுகிறது.
– ஒரு வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: எலக்ட்ரீஷியன் சொல்வதுதான் சரி. மாற்றியே ஆக வேண்டும். மாற்றும் வரை, வெயில் இருக்கும் நேரத்தில் அந்த எம்.சி.பி.யைத் தொடாதீர்கள். வீட்டில் மற்றவர்களுக்கும் சொல்லி வையுங்கள்.

வீட்டுக்கு வரும் ஏ.சி. மின்சாரம் விநாடிக்கு 100 முறை பூஜ்ஜியத்தைத் தொட்டுவிட்டுப் போகிறது. எம்.சி.பி.யை அணைக்கும்போது உள்ளே இரண்டு முனைகள் விலகும், நடுவே ஒரு பொறி இழுபடும். அடுத்த பூஜ்ஜியம் வந்ததும் பொறி அணைந்துவிடும். பேனலில் இருந்து வரும் டி.சி.யில் அந்தப் பூஜ்ஜியமே கிடையாது. வெல்டிங் பட்டறையில் கம்பியைக் கொஞ்சம் தூக்கினாலும் ஒளி அறுபடாமல் நீளுகிறதே, அதேதான் இங்கேயும் நடக்கும். உங்கள் பேனல் ஒன்றுக்கு ஏறக்குறைய 50 வோல்ட். ஆறும் தொடராக இருந்தால் 300 வோல்ட். டி.சி.க்கென்று செய்யும் எம்.சி.பி.யில் இந்தப் பொறியைத் தகடுகளுக்குள் தள்ளி நறுக்கி அணைக்க ஏற்பாடு இருக்கும். சாதாரண எம்.சி.பி. இவ்வளவு டி.சி. வோல்ட்டுக்குச் செய்யப்பட்டதல்ல. முதல் தடவை தப்பிக்கலாம், ஐந்தாவது தடவையும் தப்பிக்கலாம். ஒரு நாள் பிளாஸ்டிக் உருகும்.

அடுத்து, அந்த "32 ஆம்பியர் கூடுதல் பாதுகாப்பு" கதை. 540 வாட் பேனலை அப்படியே ஷார்ட் செய்தாலும் அதிலிருந்து வரும் கரன்ட் 14 ஆம்பியர் அளவுதான். ஆறும் அப்படித் தொடராக ஒரே வரிசையில் இருந்தால் மொத்தமும் அவ்வளவே. ஆக, 32 ஆம்பியர் எம்.சி.பி. ஷார்ட் ஆனாலும் விழாது. 20 ஆம்பியரும் விழாது. ஒரே வரிசை உள்ள வீடுகளில் டி.சி. பக்க எம்.சி.பி. வெறும் சுவிட்ச், அவ்வளவுதான். தானாக விழுந்து உங்களைக் காப்பாற்றும் என்று யாராவது சொன்னால் அவருக்கே விஷயம் தெரியாது. பத்திரமாக அணைக்க முடியுமா என்பது ஒன்றுதான் அதனிடம் நாம் கேட்க வேண்டியது, உங்கள் வீட்டில் மாட்டியிருப்பதில் அதுதான் இல்லை.

வாங்க வேண்டியது: இரண்டு போல் (pole – பிளஸ், மைனஸ் இரண்டு கம்பியையும் சேர்த்துத் துண்டிப்பது), 20 ஆம்பியர், குறைந்தது 500 வோல்ட் டி.சி. முகப்பிலேயே டி.சி. வோல்ட் அச்சாகியிருக்க வேண்டும், கூடவே ஐ.இ.சி. 60947-2 என்ற தர எண்ணும். வெறும் 60898 என்றும் 230/400 என்றும் போட்டு, பக்கத்தில் அலை மாதிரி ஒரு கோடு இருந்தால் அது ஏ.சி. சரக்கு. இன்னொன்று: சில டி.சி. எம்.சி.பி.களில் பிளஸ், மைனஸ் குறி இருக்கும். அதை மாற்றி மாட்டினால் காந்தம் பொறியை எதிர்ப்பக்கம் தள்ளும், அணைக்கவே முடியாமல் போகும். நம் ஊரில் அவசரமாக மாட்டுகிறவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை. அதனால் குறி இல்லாத, இரண்டு திசைக்கும் ஒத்துவரும் ரகத்தைக் கேட்டு வாங்குங்கள்.

கொடேஷன் தாளை எடுத்துப் பாருங்கள். பேனல் கம்பெனி பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும், இன்வெர்ட்டர் பெயர் இருக்கும், 78,000 ரூபாய் மானியம் சிவப்பு மையில் இருக்கும். கடைசியில் "ஏ.சி.டி.பி., டி.சி.டி.பி. – ஸ்டாண்டர்டு" என்று ஒரு வரி, அதாவது இந்த ஏ.சி. பெட்டியும் டி.சி. பெட்டியும். அந்த ஒரு வார்த்தைக்குள்தான் எல்லாத் திருட்டும். வேலையைப் பிடித்துக் கொடுப்பவர் ஒருவர், கமிஷன் எடுப்பவர் இன்னொருவர், கடைசியில் கூலிக்கு மாட்டுபவர் வேறொருவர். இத்தனை கை மாறிய பிறகு மிச்சம் பிடிக்க இருப்பது பெட்டிக்குள் உள்ள சாமான் மட்டும்தான். சில நூறு ரூபாய் மிச்சத்துக்காக லட்சக்கணக்கில் போட்ட அமைப்பில் இதைச் செய்கிறார்கள். பார்க்க வருபவர்களாவது பெட்டியைத் திறக்கிறார்களா என்றால், பேனல் உள்நாட்டுத் தயாரிப்பா, சீரியல் எண் சரியா, போட்டோவில் வீட்டுக்காரர் நிற்கிறாரா என்று பார்ப்பதோடு சரி. நாலு திருகைக் கழற்றிப் பார்க்க யாருக்கும் நேரமில்லை.

"பத்து வருஷமா சாதாரண எம்.சி.பி.தான் போடறேன், ஒண்ணும் ஆகலை" என்று உங்களிடமும் சொல்வார்கள். அது முழுப் பொய்யும் இல்லை என்பதால் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. மின்வெட்டுக் காலத்தில் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியோடு ஒன்றிரண்டு பேனல் சேர்த்தார்கள் இல்லையா, அதெல்லாம் 12 வோல்ட், 24 வோல்ட். அந்த அளவுக்குப் பொறி நீள்வதில்லை. நல்ல கம்பெனி ஏ.சி. எம்.சி.பி.கள் சிலவற்றுக்கு, ஒரு போலுக்கு இத்தனை டி.சி. வோல்ட் வரை சரி என்று கேட்டலாக்கிலேயே போட்டிருக்கும். அறுபது வோல்ட்டை ஒட்டித்தான் வரும். எனவே அந்தப் பழைய அமைப்பு உள்ளவர்கள், கேட்டலாக்கில் அந்த வரி இருந்தால், பேனல் கம்பியில் அதே எம்.சி.பி.யை வைத்துக்கொள்ளலாம். ஆனால் பேட்டரிக் கம்பிக்கு இது பொருந்தாது. பேட்டரி ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கில் ஆம்பியர் பாயும், அங்கே தகுந்த டி.சி. ஃபியூஸ் வேண்டும். அந்த 24 வோல்ட் அனுபவத்தைத்தான் இப்போது 300 வோல்ட்டுக்கு அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

எம்.சி.பி.யை மாற்றும் வரை சோலாரை அணைக்க வேண்டி வந்தால் முதலில் கீழே ஏ.சி. எம்.சி.பி.யை இறக்குங்கள். இன்வெர்ட்டர் நின்றுவிடும், டி.சி. கம்பியில் கரன்ட் ஓடாது. பிறகு இன்வெர்ட்டரின் அடியில் திருகும் டி.சி. சுவிட்ச் இருந்தால் அதைத் திருப்புங்கள். பெரும்பாலான இன்வெர்ட்டர்களில் இருக்கும். பேனல் கனெக்டரை வெயிலில் ஓடும்போது பிடுங்கவே கூடாது. எல்லாவற்றையும் அணைத்தாலும் பகல் முழுக்கப் பேனலில் வோல்ட் இருந்துகொண்டுதான் இருக்கும், ஆகவே மாற்றும் வேலையை இருட்டிய பிறகு, தெரிந்தவரைக் கொண்டு செய்யுங்கள்.

செலவு உங்களுடையது அல்ல. மானியத் திட்டத்தில் போட்டவர் ஐந்து வருடம் பராமரித்தாக வேண்டும். போனில் சண்டை போடாதீர்கள். எம்.சி.பி. முகப்பைப் படமெடுத்து, "இதில் டி.சி. வோல்ட் அச்சிடப்படவில்லை, மாற்றித் தரவும்" என்று எழுத்தில் அனுப்புங்கள். மாற்றிய பிறகு புதியதையும் படமெடுத்து பில்லோடு வைத்துக்கொள்ளுங்கள்.

மத்தியானம் ஏ.சி. எம்.சி.பி. விழுவது வேறு விஷயம். 3 கிலோவாட்டுக்கு 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் ஓடும், வோல்ட் குறைந்தால் இன்னும் கொஞ்சம் கூடும். எம்.சி.பி.யில் போட்டிருக்கும் ஆம்பியர் அளவு 30 டிகிரி வெப்பத்தை வைத்துக் கணக்கிட்டது, சூடு ஏறினால் அதைவிடக் குறைந்த ஆம்பியரிலேயே விழும். வெயில் படும் சுவரில் மூடிய பெட்டிக்குள் அதைவிட எவ்வளவோ கொதிக்கும். அங்கே 16 ஆம்பியர் போட்டிருந்தால் விழத்தான் செய்யும். இன்வெர்ட்டர் புத்தகத்தில் உள்ள அதிகபட்ச கரன்டைப் பார்த்து 20 ஆம்பியர் போடச் சொல்லுங்கள், கம்பியின் தடிமன் அதற்குத் தாங்குமா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். 40 ஆம்பியர் போட்டு வாயை அடைக்க விடாதீர்கள், அப்புறம் சூடாவது கம்பிதான். ஏற்கெனவே 20 இருந்தும் விழுகிறது என்றால், சப்ளையை முழுக்க அணைத்துவிட்டு அதன் திருகுகள் தளர்ந்திருக்கின்றனவா, கம்பி நுனி கறுத்திருக்கிறதா என்று அந்த எலக்ட்ரீஷியனையே பார்க்கச் சொல்லுங்கள். கறுத்திருந்தால் நுனியை வெட்டிப் புதிதாக மாட்டி, எம்.சி.பி.யையும் மாற்றிவிடுங்கள்.