ட்ரவுட் மீன் குஞ்சு கொண்டுபோகும் தண்ணீரில் உப்புப் போட்டால் ஆக்சிஜன் குறைந்துவிடாதா?

குறையும். ஆனால் நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. ஊட்டி உயரத்தில் காற்றழுத்தம் குறைவதே அதைவிடப் பெரிய பங்கைத் தின்றுவிடுகிறது.

கடல் மட்டத்தில் 15 டிகிரி நல்ல தண்ணீர் லிட்டருக்கு 10.1 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும். 2240 மீட்டரில் அழுத்தம் 760-லிருந்து சுமார் 580 மி.மீ. பாதரசத்துக்கு இறங்குவதால் அதே தண்ணீரில் 7.7தான் நிற்கும். அதில் லிட்டருக்கு 5 கிராம் உப்புக் கரைத்தால் இன்னும் 3 சதவீதம் போய் 7.4 பக்கம் வரும். கடல்நீர் அளவுக்கு, அதாவது 35 கிராம் ஏற்றினால்தான் ஐந்தில் ஒரு பங்கு போகும். வெயிலில் நிறுத்திய ஜீப்பில் தண்ணீர் 20 டிகிரிக்கு ஏறினாலே 10 சதவீதம் காலி!

காரணம் இதுதான். சோடியம், குளோரைடு அயனிகள் தங்களைச் சுற்றித் தண்ணீர் மூலக்கூறுகளை இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன. மின்சுமையில்லாத ஆக்சிஜன் உள்ளே புகத் தண்ணீர் கொஞ்சம் விலகி இடம் தர வேண்டும். அயனியிடம் மாட்டிய தண்ணீர் லேசில் விலகாது. மெக்னீசியம், சல்பேட் போன்ற இரட்டைச் சுமை அயனிகள் இன்னும் கறார். இதற்குச் சூத்திரம் தந்த செச்செனோவ் ஒரு ரஷ்ய உடலியலாளர். ரத்தத்தில் வாயு கரைவதை ஆராயப் போய் உப்புக் கரைசலுக்கு வந்தவர்.

சிலிண்டர் ஆக்சிஜன் அடைத்த பாலிதீன் பையில் இந்தக் கவலையே வேண்டாம். காற்றில் 21 சதவீதமாக இருப்பது அங்கே ஏறக்குறைய முழுவதும் ஆக்சிஜன். கரைவதும் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. அந்தப் பையில் குஞ்சைக் கொல்வது சேர்ந்துபோகும் கார்பன் டை ஆக்சைடும் அம்மோனியாவும்தான். அதனால் ஏற்றுவதற்கு முந்தைய 24 மணி நேரம் தீனி போடாதீர்கள்.

உப்பை விட்டுவிடவும் வேண்டாம். மிரண்ட மீன் செவுள் வழியே உடலுப்பை இழக்கிறது, அதைத் தடுக்கத்தான் இது. 10 லிட்டருக்கு 50 கிராம் கல்லுப்பு போதும். கட்டி பிடிக்காமலிருக்க மருந்து கலந்த தூளுப்பு ஆகாது. வாளியில் தனியாக முழுக்கக் கரைத்த பிறகே ஊற்றுங்கள். கல்லாகப் போட்டால் கனத்த உப்புநீர் அடியில் தங்கி, அடியில் கிடக்கும் குஞ்சைத்தான் முதலில் தாக்கும்.

டிஓ மீட்டர் (தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை அளக்கும் கருவி) வைத்திருந்தால் அதில் உப்பளவையும் உயரத்தையும் பதியுங்கள். மீட்டரின் முனை உணர்வது ஆக்சிஜனின் அழுத்தத்தை; மில்லிகிராம் என்பது அது போடும் கணக்கு. உப்பைச் சுழியமாக விட்டால் 7.4-ஐ 7.7 என்று காட்டும், பெரிய பாதகமில்லை. உயரத்தைக் கடல் மட்டம் என்று விட்டு மீட்டரை அளவுத்திருத்தம் (கலிப்ரேஷன்) செய்தால் 10 என்று காட்டும். அதை நம்பிக் குஞ்சை நெருக்கி அடைத்தால் வழியிலேயே செத்து மிதக்கும்.